கர்ணம், முன்சீப் வீட்டாருக்கு ஒரு திறந்த மடல்

திருவள்ளூர், ஊத்துக்கோட்டை, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டங்களில் வாழும் பழைய கர்ணம், கிராம முன்சீப் குடும்பத்தாருக்கு,



உங்களில் பலர் வீட்டுப் பரணில் ஒரு துணிமூட்டையோ தகரப் பெட்டியோ இன்னும் இருக்கிறது. உங்கள் அப்பாவோ தாத்தாவோ எழுதிய ஊர்க் கணக்கு அதில் இருக்கிறது. அடங்கல், சிட்டா, தண்டல் கணக்கு, ஜனன மரணக் குறிப்பு, ஏரி மராமத்துக்கு ஆள் போட்ட பட்டியல், கோயில் மானிய விவரம், சில வீடுகளில் அதற்கும் முந்தைய ஓலைக்கட்டு. அதைக் கீழே இறக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன். ஊர் பார்க்க இறக்குங்கள். படம் எடுத்துப் பாதுகாக்க இடம் கொடுங்கள். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

1980 நவம்பர் 14 உங்கள் வீடுகளில் யாரும் மறக்காத தேதி. எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டுப் பகுதிநேரக் கிராம அதிகாரிகள் பதவியை ஒழித்தது. தமிழ்நாடு முழுக்க இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பதவிகள் ஒரே நாளில் போயின. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982-ல் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. அது சரியான சட்டம் என்று நினைப்பவன் நான். ஊர்க் கணக்கு தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகும் குடும்பச் சொத்தாக இருக்கக் கூடாது. ஆனால் பசலி (வருவாய்க் கணக்கு ஆண்டு) 1390 பாதி நடந்துகொண்டிருக்கையில், தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை ஒரே நாளில் கைவிட்டுப் போன வீட்டில் எப்படி இருந்திருக்கும் என்பதையும் என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. கணக்கை ஒப்படை என்று ஆள் வந்து நின்றபோது நடப்புப் புத்தகங்களைக் கொடுத்தீர்கள். பழையதை யாரும் கேட்கவில்லை. வந்தவர்களுக்கு அது வேண்டியிருக்கவில்லை. அதனால்தான் அது உங்களிடமே தங்கிவிட்டது. கேட்காததைக் கொடுக்கவில்லை என்று உங்கள்மேல் எப்படிக் குற்றம் சொல்வது? இப்போது ஊர் கேட்கிறது.

கும்மிடிப்பூண்டி வட்டத்தில் ஒரு முன்சீப் வீட்டில் (ஊர்ப் பெயர் வேண்டாம்) ஒரு ஜனன மரணக் குறிப்பைப் பார்க்க எனக்கு வாய்த்தது. நீளவாட்டில் தைத்த நோட்டு. ஓரமெல்லாம் செல்லரித்து, மை பழுப்பேறி இருந்தது. பிறப்புப் பக்கத்தில் தேதி, ஆணா பெண்ணா, தகப்பன் பெயர், சாதி, தொழில், தெரு. குழந்தையின் பெயர் இல்லை. பதிந்த நாளில் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். தாயின் பெயரும் இல்லை. இறப்புப் பக்கத்தில் வயதும் காரணமும். காரணம் பெரும்பாலும் ஒரே சொல்தான்: ஜுரம், இழுப்பு, பிரசவம், வைசூரி. ஓர் ஆண்டில் ஆடி, ஆவணி மாதங்களில் பேதி, பேதி, பேதி என்றே இரண்டு பக்கம் நிறைந்திருந்தது. அதில் ஒரே தகப்பன் பெயர் அடுத்தடுத்து மூன்று வரிகளில் வந்தது. ஒரு வாரத்துக்குள் மூன்று பிள்ளைகள். அந்த வம்சத்தார் இன்றும் அதே ஊரில் இருக்கிறார்கள். தங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயரே அவர்களுக்குத் தெரியாது. அந்த மூன்று பிள்ளைகளும் இந்த மண்ணில் பிறந்து இருந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி எதுவும் கிடையாது. அந்த நோட்டு ஒன்றுதான்.

தாலுகா ஆபீசுக்குப் போன நகல் இருக்குமே என்பீர்கள். அங்கே பழைய பிறப்புப் பதிவு கேட்டுப் போனவர்கள் கையில் என்ன வாங்கி வருகிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் ‘பதிவு இல்லை’ என்ற சான்றுதான். கறையானும் மழையும் கட்டட மாற்றமும் போக, நகல்கள் எங்கே போயின என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. ஆகவே உங்கள் பரணில் கிடப்பதை நகல் என்று நினைக்காதீர்கள். பல ஊர்களுக்கு அதுதான் மூலம்.

இப்படிப்பட்ட பதிவுகளை எப்படிக் காப்பாற்றலாம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். இங்கிலாந்தில் 1538-ல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு ஊர்த் திருச்சபையும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் வாராவாரம் ஒரு புத்தகத்தில் எழுதிவர வேண்டும். புது வரி போடத்தான் தலை எண்ணுகிறார்கள் என்று மக்கள் பயந்தார்கள். ஆனாலும் எழுதும் பழக்கம் நிலைத்தது. அந்த ஆணையில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. புத்தகத்தை வைக்கும் பெட்டிக்கு இரண்டு பூட்டுப் போட வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தது. ஒரு சாவி குருவிடம் இருக்கும். மற்றது ஊர்க்காரர்களாகிய வார்டன்களிடம் இருக்கும். குரு தனியாகத் திறக்க முடியாது, ஊரும் தனியாகத் திறக்க முடியாது. 1978-ல் அங்கே இன்னொரு சட்டம் வந்தது. நூறாண்டு கடந்த பதிவேடுகளை மாவட்ட ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். வைத்துக்கொள்வதானால் ஈரமும் தீயும் படாதபடி முறையாக வைத்திருக்க வேண்டும். இன்று அந்த நாட்டில் ஒரு பண்ணைக் கூலியின் பேத்தி தன் முன்னோரை நானூறு ஆண்டு பின்னோக்கித் தேடிப் போக முடிகிறதென்றால் அந்த இரண்டு பூட்டும் இந்தச் சட்டமும்தான் காரணம்.

அந்தப் பழக்கத்தை இங்கே வந்த ஆங்கிலேயர்கள் தங்களுக்காகக் கொண்டுவந்தார்கள். ஜார்ஜ் கோட்டை செயின்ட் மேரிஸ் தேவாலயத்தின் பதிவேடு 1680-ல் தொடங்குகிறது. எலிஹு யேலின் திருமணம் அந்த ஆண்டே அதில் ஏறியது. 1753-ல் ராபர்ட் கிளைவின் திருமணம் ஏறியது. நம் பழவேற்காட்டில் 1613-ல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பிய டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்துக்கு நீங்கள் போயிருப்பீர்கள். வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். உள்ளே கருங்கல்லில் பெயர், பதவி, குடும்பச் சின்னம், தேதி எல்லாம் எழுத்து அழியாமல் இருக்கின்றன. தொல்லியல் துறை வேலி போட்டுப் பாதுகாக்கிறது, பாதுகாக்க வேண்டியதுதான். ஆனால் பதினேழாம் நூற்றாண்டில் அதே கரையிலிருந்து அதே டச்சுக்காரர்களின் கம்பெனி ஆயிரக்கணக்கான நம் மக்களை அடிமைகளாக வாங்கிப் பட்டாவியாவுக்குக் (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றியது. பஞ்சத்தில் விற்கப்பட்டவர்கள், போரில் பிடிபட்டவர்கள். அவர்களில் ஒருவருடைய ஊரையாவது, தகப்பன் பெயரையாவது நம்மால் சொல்ல முடியுமா? வாங்கியவன் பெயர் கல்லில் இருக்கிறது. விற்கப்பட்டவர்களுக்கு ஒரு வரி கூட இல்லை.

நம்மவர்களுக்குக் கணக்கு எழுதும் பழக்கமே இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் முன்னோர்தான் அதற்குச் சாட்சி. 1763-ல் ஆர்க்காட்டு நவாப் செங்கல்பட்டு ஜாகீரைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். பொன்னேரி, பெரியபாளையம், திருப்பாச்சூர் எல்லாம் அந்த ஜாகீரில் அடக்கம். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் அதை அளந்தார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்கள். ஊரில் எத்தனை வீடு, எந்தத் தொழிலார் எத்தனை வீடு, நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, ஏரி, தோப்பு, காடு எவ்வளவு, களத்து நெல்லில் தச்சருக்கும் கொல்லருக்கும் வண்ணாருக்கும் நாவிதருக்கும் என்ன பங்கு, கோயிலுக்கும் சத்திரத்துக்கும் என்ன பங்கு என்று ஒன்று விடாமல் எழுதப்பட்டது. வெள்ளைக்காரப் பொறியாளருக்கு இதெல்லாம் எங்கிருந்து கிடைத்தது? ஊர்க் கணக்கர் ஓலையிலிருந்து. மாவும் காணியும் முந்திரியும் போட்டுக் கணக்குத் தீர்த்தவர்கள் உங்கள் பாட்டனுக்குப் பாட்டன்மார். அந்த ஓலைகளில் ஒரு பகுதி இன்று தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் தொகுத்தது சென்னை ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. காந்தியரான தரம்பால் அதைத் தேடியெடுத்து எழுதிய பிறகுதான், பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு தமிழ் ஊர் எப்படித் தன்னைத் தானே நிர்வகித்துக்கொண்டது என்பதைப் பலர் அறிந்தார்கள். உங்கள் குடும்பங்கள் பெருமைப்பட வேண்டிய வேலை இது. அந்தப் பெருமை பரணில் கிடந்து செல்லரிப்பதை எப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்?

இனி நான் சொல்லப்போவது உங்களில் சிலருக்குக் கசக்கும். சொல்லாமல் விட்டால் இந்த மடலுக்கு அர்த்தமில்லை.

என் தாத்தா ஊர் வெட்டியான். ஜமாபந்தி நாளில் கணக்குக் கட்டைத் தலையில் சுமந்து பொன்னேரிக்கு நடந்தவர். கர்ணம் மாட்டு வண்டியில் முன்னால் போவார். தாத்தா கணக்குக் கட்டை மரத்தடியில் இறக்கி வைத்து, கூப்பிடும்வரை காத்திருந்து, சாயங்காலம் திரும்பவும் சுமந்துகொண்டு வருவார். சுமந்ததற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. படிக்கக் கற்றுக்கொடுக்க ஊரில் யாரும் முன்வரவில்லை. அந்தக் கட்டில் அவர் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும். என் பாட்டி பெயர் எங்கேயும் இருந்திருக்காது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போன எங்கள் தெருப் பெண்கள் அதில் வெறும் தலை எண்ணிக்கை. எங்கள் குழந்தைகள் பிறந்ததைப் பல நேரம் யாரும் போய்ச் சொல்லவில்லை. சொன்னாலும் எழுதியவர்கள் குறைவு. உங்கள் புத்தகத்தில் எங்களைப் பற்றி எழுதியது கொஞ்சம். அந்தக் கொஞ்சமும் மரியாதையோடு எழுதியதில்லை. ஆனாலும் எங்களைப் பற்றி எழுதியது அது ஒன்றுதான். அதனால்தான் உங்கள் வாசலில் வந்து நிற்கிறேன்.

1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் பொறுப்பில் இருந்த ஜேம்ஸ் திரமென்ஹீர் இந்த மாவட்டத்துச் சேரிமக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். குடியிருக்கும் மனை கூடத் தங்களுக்குச் சொந்தமில்லாமல், மிராசுதாரர் சொன்னால் வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலையில் மக்கள் இருப்பதை அதில் எழுதினார். அப்போது திருவள்ளூரும் பொன்னேரியும் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தன. 1997-ல்தான் திருவள்ளூர் தனி மாவட்டமானது. அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-ல் அரசாணை வந்தது, தாழ்த்தப்பட்டவர்களுக்கு நிபந்தனையோடு நிலம் கொடுக்கப்பட்டது. அதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். வேறு சாதியாருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. இன்று அதில் எவ்வளவு யார் கையில் இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 1994 அக்டோபரில் காரணை என்ற ஊரின் பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டு உயிர்கள் போயின. எந்த சர்வே எண்ணில் யாருக்குக் கொடுத்தது, எந்தப் பசலியில் பெயர் மாறியது என்பதைப் பழைய ஊர்க் கணக்கில் பார்க்கலாம். 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். (நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம்) பதிவில் எத்தனையோ பெயர்கள் மாறிப்போனதும் விட்டுப்போனதும் ஊருக்கே தெரிந்த விஷயம். அதற்கு முந்தைய காகிதம் உங்களிடம்தான் இருக்கிறது.

சில வீடுகளில் மூட்டை அவிழாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். நேராகவே பேசிவிடுவோம். அவிழ்த்தால் வழக்கு வரும் என்று பயப்படுகிறீர்கள். வரலாம். அவிழ்க்காவிட்டாலும் வரும், வில்லங்கச் சான்றும் தாய்ப் பத்திரமும் தேடி அலையும் சனங்கள் என்றைக்காவது ஏதாவது ஒரு ஆபீசில் ஒரு நுனியைப் பிடித்துவிடுவார்கள். உங்கள் தாத்தா நேர்மையாக எழுதியிருந்தால் அந்தக் கணக்கு உங்களைத்தான் காப்பாற்றும். நேர்மையில்லாமல் எழுதியிருந்தால் அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. ஆனால் தெரிந்தே அதை மறைத்து வைத்தால், அதற்குப் பொறுப்பு நீங்கள்தான்.

பஞ்சமியை விட்டுத்தள்ளுங்கள், ஊர் முழுவதற்குமே இப்போது அந்தக் கணக்கு வேண்டியிருக்கிறது. நம் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் வந்து ஒரு தலைமுறைக்கும் மேலாகிவிட்டது. தேர்வாய்கண்டிகையில் மேய்க்கால் நிலத்தை சிப்காட்டுக்கு எடுத்தபோது ஊர்மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். அந்த ஊர் ஏரியையும் கண்ணன்கோட்டை ஏரியையும் இணைத்துக் கட்டிய நீர்த்தேக்கம் 2020-ல் திறக்கப்பட்டது. சென்னைக்குக் குடிநீர் போகிறது. அதற்கும் முன்னால் 1944-ல் பூண்டி நீர்த்தேக்கம் வந்தபோது திருவெண்பாக்கம் கோயிலையே பெயர்த்துப் பூண்டியில் கட்ட வேண்டியிருந்தது. சாமிக்கு வேறு இடம் கிடைத்தது. தண்ணீருக்குள் போன தெருக்களில் யார் யார் குடியிருந்தார்கள் என்ற பட்டியல் எங்கே? எது மந்தைவெளி, எது சுடுகாட்டுப் பாதை, எந்த ஊர் மாடு எந்தக் காட்டில் மேய்ந்தது என்று கேட்டால் அதிகாரிகள் புறம்போக்கு என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அந்தப் புறம்போக்கை எத்தனை தலைமுறையாக யார் எதற்குப் புழங்கினார்கள் என்பதை அடங்கலில் குறிப்புக் கட்டத்தில் பொடி எழுத்தில் எழுதியவர் உங்கள் தாத்தா. நிலத்தை எடுக்கும்போது ஊர் வாதாட அந்தப் பொடி எழுத்து போதும்.

வெளியிலிருந்து தேடி வருகிறவர்களையும் நினைத்துப் பாருங்கள். 1860-ல் ட்ரூரோ என்ற கப்பல் 342 பேரோடு மதராசிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனது. கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன அவர்களுக்கும் அவர்களுக்குப் பின் போனவர்களுக்கும் கப்பல் பட்டியல் உண்டு. ஆளுக்கு ஓர் எண், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதியிருக்கிறார்கள். மொரீஷியசில் மகாத்மா காந்தி நிறுவனம் அப்படிப்பட்ட பதிவேடுகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஏற்றிக்கொண்டு போன பக்கத்தில் கணக்கு பத்திரமாக இருக்கிறது. செங்கல்பட்டு ஜில்லா என்று எழுதிய காகிதத்தோடு நாலாம் தலைமுறைப் பேரன் இங்கே வந்து இறங்கினால், ஊரில் காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது? ஊர்ப் பெயர்ப் பலகையின் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிப் போகிறான்.

கும்மிடிப்பூண்டி முகாமில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஈழத்துத் தமிழர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டு முகாம்களில் உள்ளவர்களில் ஒரு பகுதியினர் மலையகத்தார். பாட்டன் காலத்தில் இங்கிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் வாரிசுகள். 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அவர்களைப் பங்கு போட்டது. இப்படி முகாமில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர் 65 பேர் குடியுரிமை கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய், 2019-ல் அவர்களுக்கு ஆதரவாகத் தீர்ப்பு வந்தது. பூர்வீக ஊரைக் காட்ட ஒரு காகிதம் இருந்தால் அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய பலம்! அவர்கள் பூர்வீகம் பெரும்பாலும் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம். அங்கேயும் கர்ணம் வீடுகள் உண்டு, அங்கேயும் பரண்கள் உண்டு. நீங்கள் ஆரம்பித்தால் அவர்களும் கேட்பார்கள். நம் மாவட்டத்து இருளர் குடும்பங்கள் சாதிச் சான்றுக்கு எத்தனை முறை அலைகின்றன என்பதும் உங்களுக்குத் தெரியாததில்லை. தாத்தா காலத்து ஆதாரம் கேட்கிறார்கள். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமையாகக் கிடந்த தாத்தாவுக்கு ஆதாரம் எங்கிருந்து வரும்? உங்கள் குறிப்பில் எங்கோ ஒரு வரி இருந்தால் உண்டு.

மற்றவர்கள் தங்கள் புத்தகங்களை எப்படி வைத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். பள்ளிவாசல் ஜமாஅத்தில் நிக்காஹ் தப்தர் இருக்கிறது. கத்தோலிக்கப் பங்குகளில் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் இருக்கின்றன. கல்யாணத்துக்கு முன் ஓலை வாசித்து, தடை உண்டா என்று சபையையே கேட்கிறார்கள். பழவேற்காட்டு மீனவர்கள் ஏரியில் பாடு முறை வைத்து, எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்குகிறார்கள். அதற்குத் தலைக்கட்டுப் பட்டியல்தான் ஆதாரம். தகுதியுள்ள ஒருவன் பெயர் விட்டுப்போனால் அன்றே பஞ்சாயத்தில் எழுந்து கேட்பான். இவற்றிலும் குறை உண்டு. பெண்கள் பெயர் அங்கேயும் தலைக்கட்டில் ஏறுவதில்லை. ஆனால் எழுதியதை ஊர் பார்க்கலாம், கேட்கலாம். உங்கள் கணக்கு ஒன்றுதான் எழுதியவர் வீட்டுக்குள்ளேயே பூட்டிக் கிடக்கிறது.

அரசிடம் கொடுத்தால் தொலைத்துவிடுவார்கள் என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. அந்தப் பயம் நியாயமானது. மூலத்தைக் கொடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தோடு சேர்ந்து, தமிழ்நாட்டுக் குடும்பங்களிடம் இருந்த ஊர்ப் பஞ்சாயத்து ஓலைகளையும் வேளாண் ஆவணங்களையும் தேடிப் போய்ப் படம் எடுத்திருக்கிறது. மூலம் உரியவர்களிடமே இருக்கும், படம் எல்லோருக்கும் கிடைக்கும். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகமும் இருக்கின்றன. ஓலைக்கு எண்ணெய் போட்டுச் சுத்தம் செய்யவும், ஒடியும் தாளை ஒடியாமல் பிரிக்கவும் தெரிந்தவர்கள் அங்கே உண்டு. நீங்களே அவசரப்பட்டு வெயிலில் காயப்போட வேண்டாம். ஒட்டிய தாளைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம்.

இன்னொரு தயக்கம் உண்டு, அதை நான் மதிக்கிறேன். அந்தக் குறிப்புகளில் சாதிப் பெயர்கள் இழிவான சொற்களில் இருக்கின்றன. தகப்பன் பெயர் இல்லாத பிறப்புகள் இருக்கின்றன. தூக்கு, கிணறு என்று காரணம் எழுதிய இறப்புகள் இருக்கின்றன. உயிரோடு இருப்பவர்களை அது புண்படுத்தும். அதனால் நூறாண்டுக்கு உட்பட்ட ஜனன மரணக் குறிப்பை எல்லோர் பார்வைக்கும் வைக்க வேண்டாம். படம் எடுத்துப் பூட்டி வைத்து, அந்தந்தக் குடும்பத்தார் கேட்டால் மட்டும் காட்டினால் போதும். நிலக் கணக்குக்கு அந்த மறைப்பு தேவையில்லை.

நாள் தள்ள மட்டும் வேண்டாம். 1980-ல் இருபத்தைந்து வயதில் வேலை பார்த்த கர்ணத்துக்கு இன்று எழுபது வயதாவது ஆகியிருக்கும். அந்தக் கூட்டெழுத்தையும், புள்ளி வைக்காத ஓலையையும், பின்னக் குறிகளையும் பார்த்த உடனே படிக்கக்கூடிய கடைசி ஆட்கள் அவர்கள்தான். திருத்தணி 1960-ல் தமிழகத்தோடு சேரும்வரை அந்தப் பக்கத்துக் கணக்கு தெலுங்கில் நடந்தது. எல்லையோர ஊர்களில் இரண்டும் கலந்திருக்கும். அதைப் படிக்கிறவர்கள் இன்னும் குறைவு. பெரியவர் போய்விட்டால் பிள்ளைகள் சென்னையிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். வீடு கைமாறும். மனைப்பிரிவு போட வாங்கியவர் ஆள் விட்டுப் பரணைக் காலி செய்வார். மூட்டை பழைய பேப்பர்க் கடைக்கு எடைக்குப் போகும், இல்லாவிட்டால் போகியன்று தெருவில் எரியும். இப்படிப் போன வீடுகள் உங்கள் உறவிலேயே இருக்கும், எண்ணிப் பாருங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். இந்த மாதத்துக்குள் மூட்டையை இறக்கி, என்னென்ன இருக்கிறது, எந்தப் பசலியிலிருந்து எந்தப் பசலிவரை என்று ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டில் அந்த எழுத்துப் படிக்கத் தெரிந்த பெரியவர் இருந்தால் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லி, செல்போனில் குரலைப் பதிவு செய்யுங்கள். மேலே சொன்ன நிறுவனங்களில் ஒன்றுக்குக் கடிதம் எழுதி, வந்து படம் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு பிரதியை ஊராட்சி அலுவலகத்திலோ ஊர் நூலகத்திலோ வையுங்கள். அடுத்த கிராம சபையில் எழுந்து, எங்கள் வீட்டில் இந்தக் கணக்கு இருக்கிறது, வேண்டியவர் வந்து பார்க்கலாம் என்று சொல்லுங்கள். பெட்டி உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். இரண்டாவது சாவி மட்டும் ஊரிடம் இருக்க வேண்டும்.

மூட்டையை அவிழ்க்கும் நாளில் காலனித் தெருவுக்கும் சொல்லி அனுப்புங்கள். அன்று சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது பட்டம் படித்திருக்கிறார்கள். உங்களோடு உட்கார்ந்து அதைப் படிக்க அவர்கள் வருவார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வட்டத்தைச் சேர்ந்த ஒருவன்